கை ஓங்கிவிட்டேன், இனி வகுப்புக்குள் போகலாமா?

மலேசியாவின் ஜொகூரில், கூலாய் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்குள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், ஆலோசகரான எனக்கு ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. பணியில் ஒன்பது ஆண்டு. கணவரும் நான்கு வயது மகளும் சுங்கைப்பட்டாணியில் இருக்க, இவர் மட்டும் இங்கே வாடகை அறையில் தங்கியிருக்கிறார். இந்த ஆண்டு நான்காம் ஆண்டு வகுப்பாசிரியர், 29 பிள்ளைகள். வகுப்பு அடங்க மாட்டேன் என்கிறது. குறிப்பாக ஒரு பையன்: எழுதுகோல் பெட்டியைத் தூக்கி எறிவான், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைக் கிழிப்பான், வெளியே நிற்க வைத்தால் சிரித்துக்கொண்டே நிற்பான். மூன்று வாரத்துக்கு முன் அவன் ஜன்னல் வழியாகப் பாடநூலை வீசினான். இவர் கையில் இருந்த மர அடிக்கோலால் அவன் முழங்கைக்குக் கீழே ஓர் அடி. சிவந்து தடித்துவிட்டது. அன்று இரவு அப்பாவின் குரல் பதிவு வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது: "என் பிள்ளைய அடிக்க நீங்க யாரு டீச்சர்? போலீஸ் ரிப்போட் போடுறேன்." குழுவில் இருந்த பெற்றோர் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தலைமையாசிரியர், "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க டீச்சர், நான் பேசிக்கிறேன்" என்றாராம். மூத்த ஆசிரியர் ஒருவர், "ரோத்தான் (பிரம்பு) இல்லாம தோட்டத்துப் பிள்ளைங்கள மேய்க்க முடியுமா? ஆசிரியருக்கு அந்த உரிமை இருக்கு" என்றாராம். இவருக்கு இரண்டு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது. ஞாயிறு இரவு தூக்கமில்லை. பள்ளி முடிந்ததும் காருக்குள் அழுதுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். எனக்கு ஆசிரியத் தகுதி இல்லையா, வேலையை விட்டுவிடலாமா, புகார் கொடுத்தால் வேலை போய்விடுமா, வகுப்பை எப்படி அடக்குவது என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய ஒரு வரி இரண்டாம் முறைதான் கண்ணில் பட்டது: "காலையில் பழ லாரி எதிரே வரும்போது, இது மோதினால் இன்றைக்குப் பள்ளிக்குப் போக வேண்டாமே என்று தோன்றியது." வகுப்பு, அப்பா, சட்டம் எல்லாம் அப்புறம். முதலில் இது.

அந்த லாரி

இந்த வரியை இன்று இரவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். "ரொம்ப டென்ஷன்" என்று சுற்றி வளைக்காமல், எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அவர் பயப்படுவார், பயப்படட்டும். தெரியாமல் இருப்பதைவிட அது மேல்.

இந்த வாரத்துக்குள் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போய், மனநலப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். தாஸ் 21 என்ற கேள்வித்தாள் கொடுப்பார்கள். 21 கேள்விகள், கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்கும். மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் மூன்றும் எந்த அளவில் இருக்கின்றன என்று காட்டும் முதல் சல்லடை அது. நோய் இருக்கிறதா இல்லையா என்பதை மருத்துவர்தான் சொல்வார். "பைத்தியம் என்று கோப்பில் ஏறிவிடுமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் பேசியது பள்ளி அலுவலகத்துக்குப் போவதில்லை. என்னைப் போன்ற பதிவு பெற்ற ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் தவிர, நீங்கள் சொன்னதை வெளியே சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

நடு இரவில் அந்த நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555, இரவு பகல் எந்நேரமும் இயங்கும் தாலியான் காசே உதவி எண் 15999 இரண்டையும் கைப்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள். நினைப்பு பலமானால், அல்லது எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தால், எந்த நேரமாக இருந்தாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அப்போது தனியாக வண்டி ஓட்டாதீர்கள். பக்கத்து அறைக்காரரை எழுப்புங்கள்.

அடித்தது சரியா, தவறா

தவறு. இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுவதுதான் உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன். அந்த மூத்த ஆசிரியர் சொன்ன "உரிமை" உங்களுக்கு இல்லை. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின்படி பிரம்படி கொடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும், அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியருக்கும்தான். அதுவும் ஆண்பிள்ளைக்கு மட்டும், லேசான பிரம்பால், உள்ளங்கையில் அல்லது உடைக்கு மேல் பின்பக்கத்தில். கல்வி அமைச்சின் 2003ஆம் ஆண்டு 7ஆம் எண் சுற்றறிக்கையும் இதைப் பற்றியதுதான். வகுப்பில் கோபத்தில் அடிக்கோலை எடுப்பது இவை எதற்குள்ளும் வராது. சுற்றறிக்கைகள் மாறக்கூடியவை, இன்று நடப்பில் இருப்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 31ஆவது பிரிவு, பிள்ளையைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது. 2016இல் அதைத் திருத்தி, அதிகபட்சத் தண்டனையை 50,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், 20 ஆண்டு சிறை என்று உயர்த்தினார்கள். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. அந்த உச்சம் கொடிய வழக்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் "ஓர் அடிக்கு இவ்வளவா?" என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்கு, சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் பயத்தில் உள்ள தவறு. போலீஸ் புகார் என்பது விசாரணையின் ஆரம்பம் மட்டுமே. புகார் வந்த மறுநாள் வேலை போய்விடாது. நிரந்தர அரசாங்க ஊழியரை, விளக்கம் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமல் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக்கூடாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 135ஆவது பிரிவு. குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றவர் போன்ற சில விலக்குகள் அதில் உண்டு. கட்டொழுங்கு நடவடிக்கை வந்தாலும் 1993ஆம் ஆண்டுப் பொதுச்சேவை ஊழியர் விதிமுறைகளின்படி எழுத்தில் வரும், எழுத்தில் பதில் சொல்லலாம்.

செய்ய வேண்டியது இதுதான். நடந்ததை ஒரு பக்கத்தில் தேதி, நேரம், என்ன பாடம், யார் இருந்தார்கள் என்று கூட்டாமல் குறைக்காமல் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். "நான் பேசிக்கிறேன்" என்று அவர் வாய்வார்த்தையாகச் சொன்னது அவருக்கும் பாதுகாப்பு இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் கிளைப் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். புகார் உண்மையிலேயே பதிவாகிவிட்டது என்று தெரிந்தால், வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அந்த இடத்தில் என் ஆலோசனை போதாது. குரல் பதிவை அழிக்காதீர்கள். புலனக் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். மற்றப் பிள்ளைகளிடம் "அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டு ஆள் சேர்க்காதீர்கள்.

பையனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேளுங்கள். "டீச்சர் உன்ன அடிச்சிருக்கக் கூடாது, இனிமே அடிக்க மாட்டேன்." அவ்வளவு போதும். "ஆனா நீயும்..." என்று அதோடு ஒட்டாதீர்கள். அவன் செய்ததைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

மூன்று முறையும் ஒரே இடம்

மூன்று சம்பவங்களை நேரத்தோடு எழுதியிருக்கிறீர்கள். பெட்டி பறந்தது 10.35, தமிழ். நோட்டைக் கிழித்தது 10.30, கணிதம். பாடநூல் ஜன்னலுக்கு வெளியே போனது 10.40, மறுபடியும் தமிழ். உங்கள் ஓய்வு நேரம் முடிவது 10.20. மூன்றும் ஓய்வு முடிந்த இருபது நிமிடத்துக்குள். இன்னொன்றும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கவனிக்கவில்லை. முதல் சம்பவத்தில் "வாசிப்பு அவன் முறைக்கு வந்தபோது." இரண்டாவதில் "பிரச்சனைக் கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்." மூன்றாவதில் "அவன் வரிசை வாசித்துக்கொண்டிருந்தது."

அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். அல்லது 28 பேர் முன்னால் வாசிக்கும் அளவுக்குத் தெரியாது. வெளியே நிற்க வைத்தால் ஏன் சிரிக்கிறான் என்று கேட்டீர்களே, அவன் கேட்டது கிடைத்துவிட்டது, அதனால் சிரிக்கிறான். பெட்டியை எறிந்தால் வெளியே போகலாம், வெளியே போனால் வாசிக்க வேண்டாம். தண்டனை என்று நினைத்து நாம் கொடுப்பது அவனுக்கு விடுதலை.

இந்த வேலைக்கு வருமுன் நான் 12 ஆண்டு தோட்டப் பள்ளியில் கற்பித்தவள். என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, அவளுக்கு முன்னால் இரண்டு பேர் வாசிக்க மீதி இருக்கும்போது கை தூக்கி, "டீச்சர், டாய்லெட்" என்பாள். அடம் இல்லை, சத்தம் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு பேர் முன்னால். அது எனக்கு உறைக்க அரை ஆண்டு ஆனது. அவள் அமைதியானவள் என்பதால் நான் அவளை அடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வாரம் ஒரு நாள், யாரும் இல்லாத நேரத்தில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்க வையுங்கள். தமிழில் ஒரு பத்தி, மலாயில் ஒரு பத்தி. இது முக்கியம். மலாயில் 'பா, பி, பு' என்று அசை கூட்டி ஓரளவு போய்விடுகிறான், தமிழில் மட்டும் திக்குகிறான் என்றால், 247 எழுத்தில் உயிர்மெய் வரிசை எங்கேயோ விட்டுப்போயிருக்கலாம். அதைப் பிடித்துக் கட்டலாம். இரண்டிலும் எழுத்து இடம் மாறுகிறது, வரி தாவுகிறது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் தப்பாகிறது என்றால் முதலில் கண், காது பரிசோதனை. அதற்குப் பிறகு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்கான சோதனைப் பட்டியல். பள்ளிகளில் பயன்படுத்தும் படிவம்தான், பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்பிக்கும் குறைநீக்கல் ஆசிரியரிடம் கேட்டால் தெரியும். மருத்துவரிடம் அனுப்பப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சிறப்புக் குறைநீக்கல் வகுப்பு பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளை நோக்கியே நடக்கிறது. அவன் அதைத் தாண்டிவிட்டான். ஆகவே தலைமையாசிரியரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது இருக்கும்: வாரத்தில் எத்தனை பாடவேளை, எந்த ஆசிரியர், எந்த அறை.

அதுவரை வகுப்பில் அவனைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். முந்தின நாளே ஒரு வரியைக் கொடுத்து, "நாளைக்கு இந்த வரி உன்னோடது" என்று சொல்லிவிடுங்கள். பாட்டியிடம் பத்துத் தடவை சொல்லிக்கொண்டு வரட்டும். வகுப்பு முழுதும் சேர்ந்து வாசிப்பது, இரண்டிரண்டு பேராக வாசிப்பது எல்லாம் அவனுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். பின்கதவுப் பக்கத்து இடத்திலிருந்து அவனை முன்வரிசை ஓரத்துக்கு மாற்றுங்கள். நீங்கள் போகும்போது மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாலே போதும் என்ற தூரத்தில் இருக்க வேண்டும்.

பத்து இருபது மணி

மற்ற 28 பேர் வெயிலில் ஓடிவிட்டு, வேர்த்து, பாதி நாசி லெமாக்கை விழுங்கிக்கொண்டு வருகிறார்கள். நீங்கள் ஆசிரியர் அறையிலிருந்து ஐந்து நிமிடம் கழித்து வருகிறீர்கள். அதற்குள் வகுப்பு அவர்கள் கைக்குப் போய்விடுகிறது, மீதி அரை மணி நேரம் அதைத் திரும்பப் பிடுங்கவே கத்துகிறீர்கள். மணி அடிக்கும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். வரிசையாக வரட்டும், ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி உள்ளே விடுங்கள். அவர்கள் உட்காரும்போது பலகையில் வேலை ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும்: ஐந்து சொல் பார்த்து எழுது, அல்லது ஒரு படம் வரை. எவருக்கும் முடியக்கூடிய, வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம். பாடம் அப்புறம். பத்து நிமிடம் வீணாகிறதே, நாள் பாடத்திட்டத்தில் எப்படிக் காட்டுவது என்று தோன்றும். இப்போது உங்களுக்கு முப்பது நிமிடம் வீணாகிறது.

முதல் வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாரம் சோதித்துப் பார்ப்பார்கள். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள், விடாதீர்கள்.

குரலை உயர்த்தாதீர்கள், உங்களிடம் உயர்த்தக் குரலும் இல்லை. கையைத் தூக்கிப் பேசாமல் நில்லுங்கள். பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும் என்று பழக்குங்கள். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம். ஓயாமல் கத்துகிறவர்களுக்குக் குரல்நாணில் சிறு முடிச்சு விழுவதுண்டு. ஆசிரியர்களிடம் இது அதிகம். அதே கிளினிக்கில் காது மூக்கு தொண்டை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிசுகிசுத்துப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், தொண்டைக்கு அதுவும் சுமைதான்.

அந்த அப்பா

அம்மா அப்பா இருவரும் விடியற்காலை மூன்றே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுவார்கள், பையன் பாட்டியோடு இருக்கிறான், முதல் பாடத்தில் தூங்குகிறான் என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். வண்டிச் சத்தத்தில் அவனும் விழித்துவிடுகிறானோ என்னவோ, கேட்டுப் பாருங்கள். அந்த அப்பா வீடு திரும்ப இரவாகிவிடும். வந்ததும் மகன் கையில் தடிப்பைப் பார்த்திருக்கிறார். அந்தக் குரல் பதிவில் கோபம் இருந்தது. பகலில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க முடியாத ஒருவரின் குற்ற உணர்ச்சியும் இருந்திருக்கும். இந்த ஆண்டில் உங்களிடமிருந்து அவருக்கு வந்த செய்திகள் எத்தனை, அதில் நல்ல செய்தி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கட்டொழுங்குப் பதிவு முறையில் நற்செயலையும் பதியலாம். பெரும்பாலோர் குற்றத்தை மட்டும்தான் பதிகிறோம்.

தனியாகப் பார்க்காதீர்கள். தலைமையாசிரியரோ கட்டொழுங்கு ஆசிரியரோ உடன் இருக்க, அவருக்கு ஓய்வுள்ள நாளில் பள்ளியில் சந்தியுங்கள். பாட்டியையும் வரச் சொல்லுங்கள், பையனை அதிகம் தெரிந்தவர் அவர்தான். அடித்தது தவறு என்பதை முதல் நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அதன் பிறகுதான் வாசிப்பைப் பற்றிப் பேச முடியும். "உங்கள் மகன் முரடன்" என்று கேட்கப்போகிறோம் என்று நினைத்து வருபவரிடம், "அவனுக்கு வாசிக்க வரவில்லை, அதை மறைக்கிறான், எனக்கு உங்கள் உதவி வேண்டும்" என்று சொல்லுங்கள். போலீஸ் புகார் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மட்டும் இந்தச் சந்திப்பைப் பற்றிச் சங்கத்திடம் அல்லது வழக்கறிஞரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராஜினாமா

கடிதம் எழுதி கைப்பையில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை வெளியே எடுத்து வீட்டில் வையுங்கள். ஆசிரியத் தொழில் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு நாள் தெளிந்த மனத்தோடு முடிவு செய்தால் நான் தடுக்க மாட்டேன். தூக்கமில்லாத, புகார் தலைக்கு மேல் தொங்கும் இந்த மாதத்தில் மட்டும் வேண்டாம். ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் ஓய்வூதிய உரிமையும் போகும். விருப்ப ஓய்வுக்கு 40 வயது ஆக வேண்டும், உங்களுக்கு 34. இடையில் புகார் நிலுவையில் இருக்கும்போது விலகினால், ஓடிவிட்டார் என்றுதான் ஊர் பேசும்.

இடமாற்றம் வேறு விஷயம். உங்கள் கணவரும் மகளும் இருக்கும் கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஜொகூர் 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. உங்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒரே ஒரு சனிக்கிழமை, நடுவில் 600 கிலோமீட்டருக்கு மேல். ஒரு தாய்க்கு இது சின்ன விஷயம் இல்லை. இணைய இடமாற்ற விண்ணப்பம் திறக்கும்போது கணவரோடு சேர்வதைக் காரணமாகக் காட்டி விண்ணப்பியுங்கள். மறுத்தால் அடுத்த முறையும் விண்ணப்பியுங்கள். மகளோடு காணொளியில் பேசும் எட்டரை மணிக்கு வகுப்புப் புலனக் குழுவின் ஒலியை அணைத்து வையுங்கள். பெற்றோர் செய்திக்கு மறுநாள் காலை பதில் சொல்லலாம்.

எனக்குப் பதில் எழுதும்போது நீண்ட கடிதம் வேண்டாம். கிளினிக்குக்குப் போன தேதி, அந்தப் பையன் தனியாக வாசித்தபோது எந்த எழுத்தில் நின்றான், இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள்.